வெண்வாத்துகள் இறங்கிய வயலில்

1

போன கிறிஸ்துமஸுக்குப் பெங்களூர் மர்பி டவுனுக்குப் போயிருந்தேன். பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது என் பெரியம்மா மகன் லூர்து எல்லார் காதிலும் விழும்படி கேட்டான்.

"இன்னாடா சூசை, கனடால வாத்து உரிக்கிறதுதான் உன் வேலையாமே? அதுக்கு எதுக்குடா அம்மாந்தூரம் போவணும்? ரசல் மார்க்கெட்லயே நின்னிருக்கலாமே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசியைச் சொல்ல வேண்டுமானால் ஒரு முழு மதியம் வேண்டும். கேக் வெட்ட வீட்டுக்கு ஓடுகிறவர்களை நிறுத்தி வைத்துச் சொல்கிற விஷயமில்லை.

இன்று காலை இங்கே கனடாவில் விடுதி அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது வானத்தில் சத்தம் கேட்டது. இந்த வருஷத்து வெண்வாத்துகள் வந்துவிட்டன. ஏப்ரல் பிறந்து பத்து நாள் ஆகிறது. வயல்களில் போன வருஷத்துக் கோதுமைத் தாள்களுக்கு நடுவே பனி திட்டுத்திட்டாகக் கிடக்கிறது. வேட்டைக்காரர்களுக்கு முட்டையும் உருளைக்கிழங்கும் வறுத்து அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். லூர்துக்குச் சொல்லாத பதிலை இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது.

என் மகள் ஜெனிட்டாவுக்கு இப்போது பதினேழு வயது. ஆகஸ்டில் படிப்புக்காகப் பத்து மணி நேரப் பயணத் தூரத்திலுள்ள நகரத்துக்குப் போகிறாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், வாசிக்க வராது. பெங்களூரில் படித்த பள்ளியில் கன்னடம்தான் இருந்தது. ஆகவே இதை அவளால் வாசிக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

2

சிவாஜிநகர் பக்கம் ஒரு மிலிட்டரி ஓட்டலில், அதாவது கறிச் சாப்பாட்டுக் கடையில், பதினொரு வருஷம் சமையல்காரனாக இருந்தேன். அங்கிருந்து வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களின் முகாம் சமையலறைக்குப் போனேன். அங்கே மேற்பார்வையாளராக இருந்த டேல் என்ற கனடாக்காரர் என் மட்டன் சாப்ஸைத் தினமும் இரண்டு தட்டு வாங்குவார். அவருடைய அக்கா மார்ஜி, கணவரை இழந்தவர், கனடாவின் சமவெளியில் ஒரு சின்ன ஊரில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் வருகிறவர்களுக்கான விடுதி நடத்தினார். சமையலுக்கு ஆள் இல்லை என்று அவர் டேலிடம் புலம்ப, டேல் என்னைக் கைகாட்ட, நான் இங்கே வந்து சேர்ந்தேன். அப்போது ஜெனிக்கு மூன்று வயது. என் மனைவி ரெஜினா, "ஒரு வருஷத்துல எங்கள இட்டுனு போயிருவீங்க இல்ல?" என்று கேட்டாள். "ஒரு வருஷம்கூட ஆவாது" என்றேன்.

ஏழு வருஷம் ஆயிற்று.

மார்ஜிக்கு 'சூசை' என்ற பெயர் வாயில் நுழையவில்லை. சூஸி என்று கூப்பிட ஆரம்பித்தார். இந்த ஊரில் சூஸி என்பது பெண்ணின் பெயர். "சூஸி சமையல் பிரமாதம்" என்று கேள்விப்பட்டு வருகிற வேட்டைக்காரர்கள், சமையலறையிலிருந்து மீசையோடு நான் வெளியே வந்ததும் பின்னால் இன்னும் யாரோ வருவார்கள் என்று கொஞ்ச நேரம் கதவையே பார்ப்பார்கள்.

அப்போதெல்லாம் விடுதி மே மாதம் திறந்து நவம்பரில் மூடும். என் வேலைக்கான அனுமதியை வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். குடும்பத்தைக் கூட்டி வர வேண்டுமானால் நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு எழுதிப் போட வேண்டும். அதற்கு வருஷம் முழுக்க வேலை இருக்கிறது என்று முதலாளி கடிதம் தர வேண்டும். மூடிக் கிடக்கிற விடுதியில் எதைச் சமைப்பதாகக் கடிதம் எழுதுவது? மார்ஜி பொய் எழுதுகிற மனுஷி இல்லை. "எழுதினால் நீயும் மாட்டுவாய், நானும் மாட்டுவேன் சூஸி" என்று சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. கடுங்குளிர் மாதங்களில் பக்கத்து ஊர் பேக்கரியில் தரை துடைத்தேன், தனி அனுமதி வாங்கிக்கொண்டு.

3

அந்த நேரத்தில்தான் வாத்துகள் வந்தன. எப்போதும் வருகிறவைதான். வெள்ளை உடம்பு, இறக்கை நுனி மட்டும் மையில் தோய்த்த மாதிரி கறுப்பு. நம் ஊர் வாத்தைவிடப் பெரிது, கழுத்து நீளம். தமிழில் இரண்டுக்கும் வாத்து என்றே சொல்லிவிடுகிறோம். இவை தெற்கே கதகதப்பான இடங்களில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, குஞ்சு பொரிக்க வடக்கே பனிப்பாலை வரை போகும். போகிற வழியில் எங்கள் வயல்களில் சிந்திக் கிடக்கிற தானியத்துக்காக இறங்கும். ஒரு கூட்டம் எழும்பினால் வெள்ளைப் போர்வையை யாரோ உதறுகிற மாதிரி இருக்கும். சத்தமோ, சாயங்காலம் ஆறு மணிக்கு சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு.

அவை அளவுக்கு மீறிப் பெருகி, வடக்கே புல்லை வேரோடு தின்று நிலத்தையே மொட்டையாக்குகின்றன என்று அதிகாரிகள் சொன்னார்கள். அதனால் இலையுதிர்காலத்தில் மட்டும் இருந்த வேட்டையை வசந்தத்திலும் அனுமதித்தார்கள். உடனே தெற்கே அமெரிக்காவிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். விடுதி மார்ச் கடைசியிலேயே திறந்தது. அந்த வரும்படித் தெம்பில், குளிர்காலத்திலும் ஏரிப் பனியைத் துளைத்து மீன் பிடிக்கிறவர்களுக்காகக் கதவைத் திறந்து வைக்க மார்ஜி முடிவு செய்தார். ஒரு நாள் காலை, என் காபிக் கோப்பையின் மேல் ஒரு காகிதத்தை மூடி மாதிரி வைத்துவிட்டுப் போனார். வருஷம் முழுக்க எனக்கு வேலை உண்டு என்ற கடிதம். கீழே கையெழுத்து. அப்போது நான் என்ன செய்தேன் என்றால், முப்பது பேருக்கு மாவு கலக்க வேண்டியிருந்தது, கலக்கினேன். கலக்கி முடித்தபின் கிடங்குக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இந்த வேட்டையைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. அதை மறைக்க மாட்டேன். கோழி, ஆடு அறுத்தவன் நான். உயிரைக் கொன்றுதான் சமைக்கிறோம் என்பது எனக்குப் புதிதில்லை. ஆனால் சில பேர் ஒரே காலையில் குவியலாகச் சுட்டுவிட்டு, இரண்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டகைப் பின்னால் போட்டுவிட்டுப் போவார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒவ்வொன்றாக உரித்து, நெஞ்சுக் கறியை எடுத்து உப்புப் போட்டு, மிளகும் பச்சை மிளகாயும் அரைத்து மிலிட்டரி ஓட்டல் பக்குவத்தில் வறுத்தேன். ஊரிலுள்ள முதியோர் இல்லத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மார்ஜி எடுத்துப் போனார். லூர்து கேட்ட வாத்து உரிக்கிற வேலை இதுதான். யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. நானாக எடுத்துக்கொண்டது.

4

கடிதம் வந்தால் விசா வந்துவிடும் என்று நினைத்தேன். அதற்கு முன் பெயர்ச் சண்டை ஒன்று இருந்தது.

என் கடவுச்சீட்டில் சூசைராஜ் ஆரோக்கியசாமி. ஆரோக்கியசாமி என் அப்பா. ரெஜினாவின் சீட்டில் ரெஜினா தாமஸ். தாமஸ் அவள் அப்பா. மகள் ஜெனிட்டா சூசைராஜ். மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர். நம் ஊரில் இதைப் பார்த்து யாரும் கண்ணைக்கூடச் சிமிட்ட மாட்டார்கள். இங்கே நகரத்து அலுவலகத்தில் என்னை விசாரித்த அதிகாரி, இளம்பெண், மூன்று தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "இவர்கள் மூவரும் ஒரே குடும்பமா?" என்று கேட்டார்.

பதற்றத்தில் என் ஆங்கிலம் கவிழ்ந்தது. என்ன வேலை என்று கேட்டதற்கு, "ஐ ஆம் குக்கிங் ஹண்டர்ஸ்" என்றேன். வேட்டைக்காரர்களுக்குச் சமைக்கிறேன் என்று சொல்ல நினைத்து, வேட்டைக்காரர்களையே சமைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்கள் மூவரும் சேர்ந்து எடுத்த சமீபத்துப் புகைப்படம் இருக்கிறதா?"

இருந்தது இரண்டு. ஞானஸ்நானம் ஒன்று, மூன்றாவது பிறந்தநாள் ஒன்று. அதன்பின் எடுத்த எல்லாவற்றிலும் ஒன்று அவர்கள் இருவர் இருப்பார்கள், அல்லது நான் மட்டும் இருப்பேன். அந்தப் பெண் படங்களை நெடுநேரம் பார்த்தார். "பங்குக் கோயில் பதிவு, மாநகராட்சிப் பிறப்புச் சான்று இரண்டும் வரட்டும்" என்றார். ரெஜினா அங்கே இரண்டுக்கும் நடையாக நடந்தாள். வந்து சேர ஐந்து மாதம்.

இதற்கெல்லாம் நடுவே எங்களுக்கு இருந்த ஒரே வழி, மர்பி டவுன் முனையில் நஞ்சுண்டப்பாவின் எஸ்.டி.டி. பூத். எனக்கு ஞாயிறு காலை, அவர்களுக்கு ஞாயிறு சாயங்காலம். அந்த நேரத்துக்கு வேறு யார் வந்தாலும் நஞ்சுண்டப்பா கன்னடத்தில் லைன் கெட்டுப்போச்சு என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார் என்று ரெஜினா சொல்வாள். அவருக்கும் எனக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது.

மூன்று நான்கு வயதில் ஜெனி ஃபோனை விடவே மாட்டாள். ஏழு வயதில், "நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? அம்மாகிட்ட தரேன்." ஒன்பது வயதில் அதுவும் குறைந்தது. கொடுமை என்று சொல்ல மாட்டேன். ஒரு குரலிடம் எத்தனை நாள்தான் ஒரு குழந்தை பேசும்?

5

அவர்கள் வந்தது ஏப்ரல் முதல் வாரத்தில். விமான நிலையத்தில் ரெஜினா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்குப் பின்னால், நான் அனுப்பிய சிவப்பு ஸ்வெட்டரின் கை முழங்கைக்குச் சற்றுக் கீழே நின்றுவிட, பத்து வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அம்மாவிடம் கன்னடத்தில், ஃபோட்டோவில் இருந்ததைவிட இவர் கறுப்பாக இருக்கிறார் என்றாள்.

"உங்கப்பாவுக்குக் கன்னடம் தெரியும்டி" என்றாள் ரெஜினா.

ஜெனியின் முகம் ஸ்வெட்டரின் நிறத்துக்கு வந்துவிட்டது. மூன்று மணி நேரம் காரில் வந்தோம், அவள் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. ஏனென்றால் ஜன்னல் பக்கத்தில் நான் இருந்தேன்.

சமையலறைக்குப் பின்னால் இரண்டு அறைகள் எங்கள் வீடு. ஏழு வருஷமாக அவர்கள் இரண்டு பேர் சேர்ந்து வாழ்ந்தவர்கள். எது எப்போது சிரிப்புக்குரியது, எந்தத் தலையணை யாருடையது, சண்டை வந்தால் யார் முதலில் பேச வேண்டும், எல்லாம் அவர்களுக்குள் முடிவாகியிருந்தது. அந்த வீட்டில் விருந்தாளி நான்தான். ஜெனி என்னிடம் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அப்பா என்றோ வேறெப்படியோ என்னைக் கூப்பிட மாட்டாள். சாப்பாட்டு மேசையில் உப்பு என் கைப்பக்கம் இருந்தால், "ம்மா, உப்பு கேளு" என்பாள்.

பள்ளியில் சேர்த்தோம். இங்கே பதிவேட்டில் குடும்பப் பெயர்தான் முதலில். தினமும் காலையில் டீச்சர் அவளை 'சூசைராஜ்' என்று கூப்பிடுவதாகவும், ஒரு நிமிஷம் யாரையோ கூப்பிடுவது போல இருப்பதாகவும் ரெஜினாவிடம் சொன்னாளாம். ரெஜினா சிரித்துக்கொண்டே எனக்குச் சொன்னாள். நான் சிரிக்கவில்லை.

"டைம் குடுங்க அவளுக்கு" என்றாள் ரெஜினா. "எனக்கே உங்களப் பாத்தா கொஞ்சம் கூச்சமாதான் இருக்குது."

6

அவர்கள் வந்தபின் மூன்றாவது சனிக்கிழமை டேலுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. வளைகுடாவை விட்டு வந்து அக்காவின் விடுதியில் வேட்டைக்காரர்களை வயலுக்குக் கூட்டிப்போகும் வேலையை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மூன்று பேர் காத்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் ராய், தெற்கே எங்கோ குழாய் ரிப்பேர் செய்கிறவர், ஆறரை அடி உயரம். வண்டி ஓட்டவும் பொம்மை வாத்துகளை நட்டுக் கொடுக்கவும் நான் வந்தால் போதும் என்றார் மார்ஜி. சமையலறையை ரெஜினா பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் கிளம்பும்போது ஜெனி ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் ரெஜினா. "அவளேதான் கேட்டா. வந்ததுலருந்து அந்தச் சத்தத்தையே கேட்டுனு இருக்குறா. எங்கருந்து வருதுன்னு பாக்கணுமாம்."

வயலில் வெள்ளையாக இருந்தால்தான் வாத்துகள் இறங்கும். அவளுக்கு என் சமையல் கோட்டைப் போட்டுவிட்டேன். முழங்காலுக்குக் கீழே தொங்கியது. குச்சியில் மாட்டிய வெள்ளைத் துணிப் பைகளை நூற்றுக்கணக்கில் வயல் முழுக்க நட்டோம். காற்று புகுந்தால் அவை உப்பி, மேயும் வாத்துகளைப் போல அசையும். அவளும் என் கூடவே நட்டாள். நடுவில் ஒரு பெட்டியிலிருந்து பதிவு செய்த வாத்துச் சத்தம் போய்க்கொண்டிருந்தது. வேட்டைக்காரர்கள் முன்வரிசையில், நானும் அவளும் நன்றாகப் பின்னால், எல்லாரும் வெள்ளை உடுப்போடு மல்லாந்து படுத்துக்கொண்டோம்.

அப்படிப் படுத்து வானத்தைப் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். முதலில் வானத்தில் பொடிப்பொடியாக ஏதோ தெரிந்தது. பிறகு அது கூட்டமாயிற்று. எங்கள் தலைக்கு மேலே வட்டம் போட்டுப் போட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கீழே வந்தது. இறக்கைக் காற்று முகத்தில் பட்டது. வயிற்றுச் சிறகுகள் தெரிகிற உயரத்துக்கு வந்தபோது ஜெனி வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நவ்" என்றார் ராய்.

துப்பாக்கிகள் வெடித்தன. அவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஏழு வாத்து விழுந்தன. ஆறு அசையவில்லை. ஏழாவது எழுந்து, ஒரு இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு வயலுக்குக் குறுக்கே நடக்க ஆரம்பித்தது. மேலே போன கூட்டத்திலிருந்து ஒன்று மட்டும் பிரிந்து வந்து அதன் தலைக்கு மேல் சுற்றியது, கத்திக்கொண்டே. இவை ஜோடி சேர்ந்தால் பிரிவதில்லை என்று டேல் சொல்லியிருக்கிறார்.

காற்று வடக்கே திரும்பியதை நான் அப்போதுதான் கவனித்தேன். பொடிப்பனி விழ ஆரம்பித்தது. பக்கத்தில் பார்த்தேன். ஜெனி இல்லை. அந்த வாத்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.

ராயும் பார்த்துவிட்டார். மற்ற இருவரையும் அதட்டித் துப்பாக்கிகளை மடக்கித் திறந்து தோட்டாவை வெளியே எடுக்கச் செய்தது என் காதில் விழுந்தது. நான் ஓடினேன். இருநூறு அடி போவதற்குள் பனி இறங்கிவிட்டது. ஏப்ரல் மாதத்துப் பனிக்காற்றைப் பற்றி இங்குள்ளவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஐந்து முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அவள் மேல் இருப்பது வெள்ளைக் கோட்டு. போட்டுவிட்டவன் நான்.

"ஜெனி" என்று கத்தினேன். காற்று அதை எங்கோ கொண்டுபோயிற்று. மறுபடியும் மறுபடியும் கத்தினேன். தரையில் காலடி இருந்த இடத்தைப் பனி மூடிக்கொண்டே வந்தது. இவளை இங்கே கொண்டுவர ஏழு வருஷம் பாடுபட்டேன், இதற்குத்தானா என்று ஒரு எண்ணம் வந்தது. நின்றுவிட்டேன்.

நின்ற இடத்தில் என் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அடிக்கடி லைன் இழுத்துக்கொண்டு போகும். அப்போதெல்லாம் நான் கத்துவது அதுதான்.

"ஜெனி, கேக்குதா? கேக்குதா ஜெனி?"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இடதுபக்கம், கீழேயிருந்து, ஃபோனில் கேட்ட அதே இழுப்போடு வந்தது.

"கேக்குது."

7

வயல் ஓரத்து வாய்க்காலில் இருந்தாள். பனியில் குந்தி உட்கார்ந்து, கைகளைக் கோட்டுக்குள் இழுத்துக்கொண்டு. நாலடி தள்ளி அந்த வாத்து. அதன் ஜோடி என்னைக் கண்டதும் எழும்பி, பனிக்குள் போய் எங்கோ இறங்கியது. கத்தல் மட்டும் கேட்டது.

என் மேல்சட்டையைக் கழற்றி இரண்டு பேருக்கும் மேலே பிடித்துக்கொண்டேன். பனி நிற்கும்வரை அசையக்கூடாது என்றேன். தூரத்தில் ராய் வண்டி ஹாரனை விட்டுவிட்டு அடிக்க ஆரம்பித்தார், திசை தெரிவதற்காக. அந்தச் சத்தம் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

"இது இனிமே பறக்காதா?" என்று கேட்டாள்.

"பறக்காது. எலும்பு உடைஞ்சிருக்கு."

"அப்ப?"

"விட்டுட்டுப் போனா ராத்திரி நரி வரும்."

"நீங்க கொல்லப் போறீங்களா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். "ஆமா" என்றேன்.

அவள் அழவில்லை. வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப வேணாம். அது கத்துறது நிக்கட்டும்" என்றாள்.

கத்தல் நிற்கவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அவள் உடம்பு நடுங்குவது என் விலாவில் தெரிந்தது. நெருக்கி அணைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். அதற்குக்கூட யோசிக்க வேண்டியிருந்தது.

"நீங்க ஏன் ஒரு தடவகூட வரல?" என்றாள். முகத்தைத் திருப்பாமல்தான் கேட்டாள். "பக்கத்து வீட்டுக் கவ்யாவோட அப்பா துபாய்ல இருக்காரு. அவரு வருஷா வருஷம் வராரு."

பர்மிட், கடிதம், சான்றிதழ் என்று ரெஜினாவுக்கு எத்தனையோ முறை சொன்ன பதில்கள் இருந்தன. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வாய்க்காலில் உட்கார்ந்து அவற்றைச் சொல்ல முடியவில்லை.

"பயம்மா" என்றேன். "நடுவுல ஒருவாட்டி வந்திருக்கலாம். வந்தா திரும்பிப் போவ மனசு வராதுன்னு பயந்தேன். போவாம இருந்துட்டா, அங்க வேலையும் இல்ல, இங்க வழியும் இல்ல. அப்பறம் நாலு வருஷம், அஞ்சு வருஷம் ஆச்சு. வந்தா நீ என்னை யாருன்னு கேட்டுடுவியோன்னு அது ஒரு பயம்."

அவள் கோட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அம்மாவும் இதான் சொன்னாங்க. நான் நம்பல" என்றாள்.

"இப்ப?"

"தெரியல."

அரை மணி நேரம் இருக்கும். வந்த வேகத்திலேயே பனி விட்டது. ஜோடி வாத்தின் சத்தமும் நின்றிருந்தது. அது கூட்டத்தோடு போய்விட்டதா, பக்கத்திலேயே எங்காவது ஒடுங்கி உட்கார்ந்திருந்ததா, எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் திரும்பிக்கோ என்று ஜெனியிடம் சொன்னேன். அவள் திரும்பவில்லை. நான் செய்ய வேண்டியதைச் செய்தேன். ஒரே திருகு.

"வலிச்சிருக்குமா?"

"வலிக்கலன்னு சொல்ல மாட்டேன். சீக்கிரம் முடிஞ்சிருச்சு."

அதை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். நான் கேட்டும் தரவில்லை. கனம் தாங்காமல் இரண்டு இடத்தில் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் தூக்கினாள். ராய் பாதி வழி வந்து நின்றுகொண்டிருந்தார். தன் கையுறைகளைக் கழற்றி அவள் கைகளில் மாட்டிவிட்டார். முழங்கை வரை ஏறின. அன்றைக்கு வேட்டை போதும் என்று அவரே மற்ற இருவரிடம் சொல்லிவிட்டார். ஒருவருக்கு முகம் சுருங்கியது. ராய் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

விடுதி வாசலிலேயே ரெஜினா பெண்ணை வாங்கிக்கொண்டாள். பெண்ணின் காலை வெதுவெதுப்பான துணியால் துடைத்துத் துடைத்துச் சூடேற்றினாள். என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. அது நியாயம்தான். சின்னப் பிள்ளைகளை இனி யாரும் வயலுக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று மார்ஜி சட்டம் போட்டார். அது இன்றுவரை இருக்கிறது.

அந்த வாத்தை மிளகு போட்டு வறுத்தேன். ஜெனி சாப்பிடவில்லை. அதன்பிறகும் சாப்பிட்டதில்லை. ரசம் சோறு கேட்டாள். வைத்துக் கொடுத்தேன். உப்பு என் கைப்பக்கம்தான் இருந்தது. அன்றைக்கும் அம்மாவிடம்தான் கேட்டாள். ஒரு பனிக்காற்றில் எல்லாம் சரியாகிவிடும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. அதே பூத்துக்கு இந்த முறை ஃபோன் போட்டது ஜெனி. நஞ்சுண்டப்பா ஆள் அனுப்பிப் பக்கத்து வீட்டுக் கவ்யாவைக் கூப்பிட்டுத் தந்தார். விடுதி நடைவழியில் நின்று ஜெனி அவளோடு கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே மத்தியானச் சமையலுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவளுக்கு நான் அங்கே இருப்பது தெரியாது. பனி, டீச்சர், பள்ளியில் கொடுக்கிற குளிர்ந்த பால் எல்லாம் சொன்னாள். வாத்துகள் எவ்வளவு கீழே வந்தன என்று சொன்னாள். அங்கே கவ்யா ஏதோ கேட்டிருக்க வேண்டும், தனியாகவா போனாய் என்பது போல.

"இல்ல கணே" என்றாள் ஜெனி. "நம்மப்பன ஜொதெ ஹோகித்தெ."

இல்லடி, எங்கப்பாகூடப் போயிருந்தேன்.

தமிழில் அந்த வார்த்தை என்னிடம் வர இன்னும் எட்டு மாதம் ஆயிற்று. அன்று அவள் பேசி முடிக்கும்வரை நான் கத்தியைக் கீழே வைக்கவில்லை, காலை நகர்த்தவில்லை. அந்தச் சமையலறையில் பலகைத் தரை. மிதித்தால் கிரீச்சிடும்.